சொல்லாவிட்டால் எதை எடுத்துக்கொள்வது?

காவலூரில் எடுத்த ஒரு நட்சத்திரப் படத்தை ஆராய்ச்சிக்கு உதவும் எண்ணாக மாற்ற வேண்டும் என்றால், அந்த வேலையைச் செய்யும் ஸ்கிரிப்டுக்கு முதலில் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். தொலைநோக்கி பூமியில் எங்கே நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தக் கேமரா, கேமரா தரும் ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை எலக்ட்ரான், எந்த ஃபில்டர், எந்த இரவு, காற்று அன்று எவ்வளவு வெளிச்சத்தைத் தின்றது. இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் டெர்மினலில் அடிக்கச் சொன்னால், ராத்திரி முழுக்க விழித்திருந்த மனிதர் விடியற்காலை நான்கு மணிக்கு அடிக்க மாட்டார். அடித்தாலும் தப்பாக அடிப்பார். அதனால் எழுதுகிறவன் பாதியைத் தானே நிரப்பி வைத்துவிடுகிறான். நீங்கள் சொன்னால் சொன்னதை எடுத்துக்கொள்ளும், சொல்லாவிட்டால் நான் வைத்ததை எடுத்துக்கொள்ளும். டீக்கடையில் வெறுமனே ‘ஒரு டீ’ என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும் அல்லவா, அதுபோலத்தான். வேண்டாம் என்கிறவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அந்தச் சர்க்கரைக்கு எங்கள் தொழிலில் டீஃபால்ட் என்று பெயர். ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுத்தரும் பாடங்களில் அதற்கு அரைப் பக்கம் கூட ஒதுக்க மாட்டார்கள். என் அனுபவத்தில், நிரல் தப்பாக ஓடியதால் கெட்ட முடிவுகளைவிட, நிரல் ஒழுங்காக ஓடி, யாரும் சொல்லாத ஓர் எண்ணைத் தானாக எடுத்துக்கொண்டதால் கெட்ட முடிவுகளே அதிகம்.

நான் வானியல் படித்தவன் அல்ல. வானம் பார்க்க வருகிறவர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையில், ஜவ்வாது மலையின் காட்டுக்குள், காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க 1899ஆம் ஆண்டிலிருந்தே ஆய்வகம் இருந்தும், இரவு வானத்துக்கென்று தனியிடம் வேண்டும் என்று தேடியவர் வானியலாளர் வைணு பாப்பு. 1960களில் அவர் தேடிப் பிடித்த மலை இது. 1968ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கியது. 1972ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல் செய்ஸ் தயாரித்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. உள்நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்படும்போது பாப்பு உயிரோடு இல்லை. அவர் 1982ஆம் ஆண்டு இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்.

ஏன் இந்த மலை? நகர வெளிச்சத்திலிருந்து அன்றைக்கு ஒதுங்கியிருந்தது. அதைவிட முக்கியம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். 12.58 டிகிரி வடக்கு. இங்கிருந்து தெற்கு வானத்தின் பெரும்பகுதியை நல்ல உயரத்தில் பார்க்கலாம். இந்த 12.58 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் எல்லாரும் பயன்படுத்தியது ஐராஃப் என்ற மென்பொருள். அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் வானாய்வகத்தின் ஆட்கள் 1980களில் உருவாக்கியது. வானியலாளர்களில் இரண்டு தலைமுறைக்கு அதுதான் தாய்மொழி மாதிரி. அதில் ஒவ்வொரு வேலைக்கும் நாற்பது ஐம்பது ஆப்ஷன்கள் கூட இருக்கும். சிலவற்றைக் கேட்டுத்தான் வாங்கும். மற்றவை ஒளிந்திருக்கும், எல்லாவற்றுக்கும் டீஃபால்ட் உண்டு. நிறமாலையைப் பிரித்தெடுக்கும் கட்டளையில் கெயின் (ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை எலக்ட்ரான்) என்ற ஆப்ஷனின் டீஃபால்ட் 1, ரீட் நாய்ஸின் டீஃபால்ட் 0. கேமராவின் மின்சுற்று தானாகச் சேர்க்கும் இரைச்சல் பூச்சியம் என்றால் அப்படி ஒரு கேமரா உலகத்தில் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ அந்தப் பூச்சியத்தின்மேல் மரியாதை. அது ‘இந்த எண்ணை நான் அறியேன், நீ நிரப்பு’ என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. அதற்குப் பதிலாக அங்கே 6 என்றோ 8 என்றோ இருந்திருந்தால், பார்க்கிறவர் ‘ஓ, யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள்’ என்று கடந்து போய்விடுவார்.

ஐராஃபில் இன்னொரு குணம் உண்டு, அதுதான் பலரைக் கவிழ்த்தது. நீங்கள் எடிட் செய்து மாற்றிய ஆப்ஷனை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அந்த மதிப்பே வந்து நிற்கும். தனி ஆளுக்கு இது வசதி. ஆனால் தொலைநோக்கி அறையில் இருக்கும் பொதுக் கணினியில், ஒரே லாகினில் வாரத்துக்கு ஒருவர் வந்து போனால் என்ன ஆகும்? போன வாரம் வந்தவர் மாற்றி வைத்ததுதான் இந்த வாரத்தவரின் டீஃபால்ட். கட்டளை வரியில் ஒளிந்த ஆப்ஷன் ஒன்றைக் கையால் கொடுத்தால் அதை நினைவில் வைக்காது, எடிட்டரில் மாற்றினால் வைக்கும் என்ற நுணுக்கம் வேறு. இதற்கு மருந்தாக ‘அன்லேர்ன்’ என்று ஒரு கட்டளை, கற்றதையெல்லாம் மறந்து பிறந்த நிலைக்குத் திரும்பு என்று பொருள். நான் எழுதிய எந்த ஐராஃப் ஸ்கிரிப்டும் முதல் வரியில் அன்லேர்ன் இல்லாமல் தொடங்கியதில்லை.

இடம் பற்றிய டீஃபால்ட் தனிக் கதை. ஐராஃபில் உலக வானாய்வகங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ‘விபிஓ’ என்று அடித்தால் காவலூர் வரும்: அட்சரேகை 12.57666, உயரம் 725 மீட்டர், தீர்க்கரேகை 281.1734. கடைசி எண்ணைப் பார்த்து முதலில் எல்லாரும் திகைப்பார்கள். ஊர் தெரிந்தவனுக்குக் காவலூர் 78.83 டிகிரி கிழக்கு. அரிசோனாக்காரர்கள் தங்கள் வசதிக்கு மேற்கு நோக்கி எண்ணுகிறார்கள், ஆகவே 360இலிருந்து கழித்தது. நேர மண்டலமும் அப்படியே, இந்தியாவுக்கு மைனஸ் ஐந்தரை. இதைத் தெரியாமல் 78.83 என்றே நிரப்பினால் தொலைநோக்கி கொலம்பியாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் மிதக்கும். இந்தப் பிழை யாரையும் ஏமாற்றாது. நட்டநடு உச்சியில் நின்ற நட்சத்திரத்தைத் தொடுவானத்துக்குக் கீழே என்று சொல்லும், உடனே கண்டுபிடித்துவிடலாம்.

சத்தம் போடாத பிழையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆராய்ச்சி மாணவி ஒருவர், வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார், தன் சீனியரிடமிருந்து வாங்கி வந்த பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணா, எல்லாம் சரியா ஓடுது. ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் ஏர்மாஸ் ரெண்டுக்கு மேல காட்டுது. அதைத் தள்ளிடலாமா?”

“எந்த நட்சத்திரம்மா? டெக்ளினேஷன் என்ன?”

“மைனஸ் முப்பது.”

“உச்சத்துக்கு வந்தப்ப எடுத்ததா?”

“ஆமாண்ணா, மெரிடியன்ல.”

“அப்ப ரெண்டு எப்படி வரும்? இங்கிருந்து அது தலைக்கு மேலேர்ந்து நாப்பத்திரண்டு நாப்பத்திமூணு டிகிரிதானே சாயும்?”

டெக்ளினேஷன் என்பது வானத்தின் அட்சரேகை; மெரிடியன் என்பது நட்சத்திரம் தன் அதிகபட்ச உயரத்தில் கடக்கும் வடக்கு-தெற்குக் கோடு. ஏர்மாஸ் என்பது வெளிச்சம் கடந்து வரும் காற்றின் தடிமன். நேர் உச்சியில் 1. உச்சியிலிருந்து 42.6 டிகிரி சாய்ந்தால் 1.36. ஸ்கிரிப்ட் காட்டியது 2.19. திறந்து பார்த்தோம். ‘--இடம்’ என்ற ஆப்ஷன் இருந்தது, அதற்கு டீஃபால்ட் ஹான்லே. லடாக்கில் இருக்கும் இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியின் படங்களுக்காக அந்த சீனியர் எழுதியது. அவருக்கு ஹான்லேதான் ஊர், அவர் அப்படி வைத்ததில் குற்றமே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹான்லேயும் காவலூரும் வரைபடத்தில் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் மேலும் கீழுமாக இருக்கின்றன. ஹான்லே 78.96 டிகிரி கிழக்கு, காவலூர் 78.83. நட்சத்திர நேரம் கணக்கிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் அரை நிமிடம்தான். நேர மண்டலம் ஒன்று. ஆகவே ஸ்கிரிப்ட் அச்சிட்ட நேரங்களும் நட்சத்திரம் உச்சிக்கு வரும் கணமும் சரியாகவே இருந்தன. நட்சத்திரத்தின் வேகத்தைக் கணக்கிடும்போது பூமி சுழலும் வேகத்தைத் திருத்த வேண்டும். காவலூரில் அது நொடிக்கு சுமார் 454 மீட்டர், ஹான்லேயில் 391. அங்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வடக்கு வானத்து நட்சத்திரங்களுக்கு ஏர்மாஸ் கூட அதிகம் மாறவில்லை. பிளஸ் முப்பது டிகிரியில் உள்ள ஒன்று ஹான்லேயில் 1.00, இங்கே 1.05. தெற்கே இறங்க இறங்கத்தான் பிழை வளர்கிறது. ஏர்மாஸைக் கெடுத்தது அட்சரேகைதான், இருபது டிகிரி தப்பு. எந்தத் தெற்கு வானத்துக்காக இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்தத் தெற்கு வானத்தில் மட்டும் அது பல்லைக் காட்டியது. காற்று ஓர் ஏர்மாஸுக்கு 0.3 மேக்னிட்யூட் (பிரகாசத்தின் அலகு) வெளிச்சத்தைத் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நட்சத்திரத்தின் பிரகாசம் கால் மேக்னிட்யூட் பிசகும். மாறும் நட்சத்திரம் ஆராய்கிறவர்களுக்குக் கால் மேக்னிட்யூட் என்பது ஒரு கண்டுபிடிப்பு. தள்ளிவிடலாமா என்று அவர் கேட்ட அந்த ஒற்றைப் புள்ளிதான் மற்ற எல்லாப் புள்ளிகளையும் காட்டிக்கொடுத்தது.

இதே ஸ்கிரிப்டில் டீஃபால்ட் கிட் பீக் என்று இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அது உலகின் மறுபக்கம், ஏர்மாஸ் கணக்கே உளறும். பக்கத்து வீட்டு எண்தான் ஆபத்து. அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: டீஃபால்ட் என்றால் ஒன்று சரியாக இருக்க வேண்டும், இல்லை அபத்தமாக இருக்க வேண்டும். ‘ஏறக்குறைய சரி’ மட்டும் கூடாது.

எது சரியாக இருக்க முடியும் என்பதற்கு நான் பிரித்த பிரிவு எளிது. மலைக்கு உரியது, இரவுக்கு உரியது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மலைக்கு உரியவை. நாளைக்கும் அதேதான், அவற்றுக்கு டீஃபால்ட் வைக்கலாம், வைக்க வேண்டும். நட்சத்திரத்தின் பெயர், ஃபில்டர், எக்ஸ்போஷர் இரவுக்கு உரியவை. அவற்றுக்கு டீஃபால்ட் வைக்கிறவன் சோம்பேறி. சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். நடுவில் தொலைநோக்கிக்கு உரியவை சில உண்டு. 2.34 மீட்டரில் ஒரே கேமராவை முதன்மைக் குவியத்தில் மாட்டினால் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு வானத்தின் 27 ஆர்க் நொடி, காசக்ரேன் குவியத்தில் மாட்டினால் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. நான்கு மடங்கு வித்தியாசம். இதில் தப்பினால் நட்சத்திரப் பட்டியலோடு எதுவுமே பொருந்தாது, ஸ்கிரிப்டே கத்திவிடும். அதனால் அதைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொண்டதில்லை.

தேதி எந்தப் பக்கம்? இரவுக்கு உரியது என்றுதான் தோன்றும். ஆனால் தேதியைக் கேட்டால் எல்லாரும் எரிச்சல்படுவார்கள், கணினிக்கே தெரியாதா என்பார்கள். கணினிக்குத் தெரியும், ஆனால் நள்ளிரவில் மாறிவிடும். மாலை ஏழு மணிக்கு எடுத்த படம் ஒரு ஃபோல்டரில், இரண்டு மணிக்கு எடுத்தது இன்னொன்றில் என்று ஒரே இரவு இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சரி, உலக நேரத்தின் தேதியை வைக்கலாம் என்றால், அது நமக்குக் காலை ஐந்தரைக்குத்தான் மாறும். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அரிசோனாவில் உலக நேரத்தின் நாள் மாலை ஐந்து மணிக்கே மாறி, இரவு முழுக்க மறுநாள் தேதியாக ஓடும். காவலூரில் ஜனவரி மாதம் ஐந்தரைக்குத்தான் கிழக்கு வெளுக்கத் தொடங்கும், ஆகவே இருட்டில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே தேதியில் அடங்கிவிடும். தப்பிப்போவது, கேமராவின் சீரற்ற உணர்வைத் திருத்துவதற்காக விடியல் வெளிச்சத்தில் எடுக்கும் ஃப்ளாட்கள் மட்டும். ஜூலியன் நாள் கணக்கோ நமக்கு மாலை ஐந்தரைக்குத் தொடங்கி மறுநாள் ஐந்தரை வரை. விடியல் ஃப்ளாட் அடங்கும், ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து பயஸ் எனும் கேமராவின் அடிமட்ட அளவை எடுக்கிற ஜாக்கிரதைக்காரர்களின் படங்கள் முந்தைய நாளில் விழும். கடைசியில் இந்திய நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தேதியை டீஃபால்ட்டாக வைத்தேன். மதியத்திலிருந்து மதியம் வரை ஒரே இரவு. அதற்குப் பிறகு புகார் வரவில்லை.

இரவு, இடம் என்ற இரண்டும் இந்த மலையில் அலங்காரத்துக்கு எழுதும் எண்கள் அல்ல. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பல நாட்டவரும் பார்த்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில தடவை கண்சிமிட்டியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு முதல் பெருமை. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த மங்கல்கள் பதிவாயின. வெவ்வேறு இடத்தில் பதிவான சிமிட்டல்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டுமானால், எந்த இடம், எந்த நொடி என்பதுதான் சாட்சி. அன்றைக்கு அதைக் கையால் எழுதிவைத்தார்கள். இன்றைக்கு அதே சாட்சியை ஒரு ஸ்கிரிப்டின் டீஃபால்ட் எழுதிவிடுகிறது, யாரும் கையெழுத்துப் போடாமல்.

இனி, பட்டறைச் சமாச்சாரம். பாஷ் ஸ்கிரிப்டில் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் டீஃபால்ட் எடுக்க ஒரு குறியீடு உண்டு, மாறியின் பெயருக்குப் பின்னால் கோலனும் மைனஸும் போட்டு டீஃபால்ட்டை எழுத வேண்டும். கோலனை விட்டுவிட்டு வெறும் மைனஸ் போட்டாலும் ஓடும். ஆனால் பொருள் வேறு. கோலன் இருந்தால், மதிப்பு இல்லாவிட்டாலும் சரி, வெற்று மேற்கோளாக வந்தாலும் சரி, டீஃபால்ட் வரும். கோலன் இல்லாவிட்டால் வெற்று மதிப்பையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு ஸ்கிரிப்ட் இந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடும்போது வெற்று மேற்கோள் சர்வசாதாரணமாக வந்து சேரும். மைனஸுக்குப் பதில் கேள்விக்குறி போட்டால், மதிப்பு இல்லாதபோது ஸ்கிரிப்ட் ஒரு வரி திட்டிவிட்டு நின்றுவிடும். இரவுக்கு உரியவற்றுக்கு நான் போடுவது இந்தக் கேள்விக்குறிதான். பலர் இருபது வருடம் பாஷ் எழுதியும் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பைத்தானில் 2010ஆம் ஆண்டு 2.7 பதிப்போடு ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் வந்தபிறகு வேலை சுலபமாயிற்று. சுலபம் ஆனதாலேயே சில குழிகளும் வந்தன. உதாரணத்துக்குப் பயஸ் அளவு. கேமராவின் அடிமட்ட எண்ணிக்கை, படத்திலிருந்து கழிக்க வேண்டியது. ‘கொடுத்தால் கொடுத்தது, இல்லாவிட்டால் 300’ என்பதைப் பலர் ‘அல்லது’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுவார்கள். பைத்தானின் கண்ணில் பூச்சியமும் ‘இல்லை’தான். ஏற்கெனவே பயஸ் கழித்த படம் வைத்திருப்பவர் விவரம் தெரிந்தே பூச்சியம் கொடுப்பார், ஸ்கிரிப்ட் அதைச் ‘சொல்லவில்லை’ என்று எடுத்துக்கொண்டு இன்னொரு 300ஐக் கழிக்கும். சொல்லாததும் பூச்சியம் என்று சொன்னதும் வேறு. அதனால் எண் ஆப்ஷன் எதற்கும் டீஃபால்ட்டாக முதலில் ‘நன்’ என்ற வெறுமையை வைத்து, வந்தது வெறுமைதானா என்று நேரடியாகக் கேட்டபிறகே மாற்று எண்ணைத் தேட வேண்டும்.

ஆமாம் இல்லை ஆப்ஷன்களுக்கு ‘பூல்’ என்று வகை கொடுப்பது அடுத்த குழி. ‘ஃபால்ஸ்’ என்று யாராவது அடித்தால், அது எழுத்துகள் உள்ள ஒரு சொல், ஆகவே உண்மை என்று எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொன்னதாலேயே வேண்டும் ஆகிவிடும். இன்னொன்று, ஆப்ஷனின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மதிப்பு தராமல் விடுவது. ஆர்க்பார்ஸில் அதற்குத் தனி மதிப்பு வைக்கலாம். ஆக மூன்று நிலைகள்: பெயரே சொல்லவில்லை, பெயர் மட்டும் சொன்னார், பெயரும் மதிப்பும் சொன்னார். ‘--படம்வரை’ என்று மட்டும் அடித்தால் திரையில் வரைந்து காட்டு, கூடவே ஃபைல் பெயர் கொடுத்தால் அதில் சேமி, ஒன்றுமே சொல்லாவிட்டால் வரையாதே. இந்த வசதியை நான் மிகவும் ரசித்துப் பயன்படுத்தியிருக்கிறேன்.

பழைய டீஃபால்ட்கள் தங்கள் காலம் போனபிறகும் உயிரோடு இருக்கும். யூனிக்ஸின் ‘டார்’ கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே டேப் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கே எழுது என்று சொல்லாவிட்டால் டேப் டிரைவுக்கு எழுதும். டேப்பில் பதிந்து எடுத்துப்போன நாளில் அது நியாயமான டீஃபால்ட். டேப் டிரைவ் போய் வெகுகாலம் ஆயிற்று, ஆனாலும் ஃபைல் பெயரைக் குறிக்கும் எழுத்தை விடாமல் எல்லாரும் இன்றும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். டீஃபால்ட்டை மாற்றினால் எங்கோ ஓடும் யாருடைய ஸ்கிரிப்டோ உடையும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் முதல் நாளே யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

என்னால் இன்றுவரை எந்தப் பக்கம் போடுவது என்று தீர்மானிக்க முடியாதது காற்று தின்னும் வெளிச்சத்தின் அளவு. பாடப்புத்தகம் அதை இடத்துக்கு உரியதாகச் சொல்லும், ஒவ்வொரு வானாய்வகத்துக்கும் ஒரு சராசரி இருக்கும். ஆனால் ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நல்ல இரவுகள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதற்குள்ளேயே ஜனவரியின் கழுவிவிட்ட வானமும், ஏப்ரலின் புழுதியும் காட்டுத்தீப் புகையும் கலந்த வானமும் ஒன்றல்ல. உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, கந்தகத் துளிகள் மேல்வளிமண்டலத்தில் பரவி, பல கண்டங்களில் இருந்த வானாய்வகங்களின் சராசரி எண்கள் எல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பொய்த்துப் போயின. சராசரியை டீஃபால்ட்டாக வைத்திருந்த நிரலுக்கு எரிமலை வெடித்தது எப்படித் தெரியும்? ஆகவே நான் ஒரு சமரசம் செய்தேன். சராசரி எண் இருக்கும், ஆனால் அதை எடுத்துக்கொண்டால் முடிவுப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஓர் உடுக்குறி விழும். உடுக்குறியோடு யாரும் கட்டுரை அனுப்ப விரும்புவதில்லை. அந்த வெட்கம் போதும், அடுத்த இரவே ஒப்பீட்டு நட்சத்திரங்களை எடுத்து அளந்துவிடுவார்கள்.

எழுதி முடித்த ஃபைலின்மேல் திரும்ப எழுதலாமா என்ற கேள்விக்கு டீஃபால்ட் எப்போதும் ‘கூடாது’. இதில் விவாதமே வேண்டாம். மழை ஒதுங்கிக் கிடைத்த ஓர் இரவைத் திரும்ப எடுக்க முடியாது. பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகமும் இதைத்தான் கடைப்பிடிக்கிறது: அதே பெயரில் ஃபைல் இருந்தால் மறுத்துவிடும், மேலெழுது என்று வாய்விட்டுச் சொன்னால்தான் எழுதும். அதே நூலகத்தில் வானத்தில் ஒரு பொருளின் உயரத்தைக் கணக்கிடும்போது காற்றழுத்தத்தின் டீஃபால்ட் பூச்சியம். காற்றே இல்லை என்று பொருள், அதாவது ஒளிவிலகல் திருத்தம் செய்யாதே. பாதி உயரத்தில் ஓர் ஆர்க் நிமிடம், தொடுவானத்தில் அரை டிகிரிக்கும் மேல் இதனால் மாறும். இதைச் சிலர் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கடல் மட்டத்தின் 1013ஐ வைத்திருந்தால் 725 மீட்டரில் இருக்கும் நமக்கு அது ‘ஏறக்குறைய சரி’ ஆகியிருக்கும்.

எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் படத்தோடேயே எழுதிவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. வானியல் படங்கள் ஃபிட்ஸ் என்ற வடிவத்தில் இருக்கும். தலைப்பகுதியில் வரிக்கு 80 எழுத்து, வேண்டிய அளவு வரிகள். கட்டளை வரியில் சொன்னதுதான் முதல் மரியாதை, பிறகு ஃபிட்ஸ் தலைப்பில் இருப்பது, பிறகு அமைப்பு ஃபைல், கடைசியில் ஸ்கிரிப்டின் வயிற்றில் இருக்கும் டீஃபால்ட். இந்த நான்கில் எது ஜெயித்தது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரலாற்று வரி. பத்து வருடம் கழித்து ஒரு மாணவர் அந்தப் படத்தைத் திறந்தால், கெயினை ஒரு மனிதர் சொன்னாரா, ஸ்கிரிப்ட் ஊகித்ததா என்று தெரியும்.

கெயின் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கேமராக்களில் கெயின் ஒன்றுதான், தொழிற்சாலையில் முடிவானது, மலைக்கு உரியவற்றோடு சேர்த்து டீஃபால்ட் வைத்திருந்தேன். பிறகு வந்தவற்றில் படத்தை வெளியே எடுக்கும் வேகத்தை மாற்றினால் கெயினும் மாறும், எலக்ட்ரான்களைப் பெருக்கும் வகைகளில் பார்வையாளரே திருகிக்கொள்ளலாம். அன்றே டீஃபால்ட்டை எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வந்த பேராசிரியர் ஒருவருக்குக் கோபம்.

“முன்னாடி கேக்காமயே ஓடுமேப்பா. இப்ப ஏன் நின்னு கேக்குது?”

“கேமரா மாறிடுச்சு சார். எந்த வேகத்துல எடுத்தீங்கன்னு அதுக்குத் தெரியாது.”

“வழக்கமா வைக்கிறதுதான்.”

“வழக்கம் என்னன்னு லாக்குல இருக்கா சார்?”

லாக் புத்தகத்தைப் புரட்டினார். எக்ஸ்போஷர் இருந்தது, ஃபில்டர் இருந்தது, வேகம் எழுதியிருக்கவில்லை. நல்லவேளையாக அன்று எடுத்த இரண்டு ஃப்ளாட்களும் இரண்டு பயஸ்களும் கையில் இருந்தன. ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு ஃப்ளாட்களின் வித்தியாசத்தில் எவ்வளவு சிதறல் இருக்கிறது என்று பார்த்து, அதில் பயஸின் சிதறலைக் கழித்தால், கெயினைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். ஐராஃபில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. ஓட்டினோம், எண் வந்தது. அவர் ‘வழக்கமாக’ என்று நினைத்திருந்த வேகத்தின் எண் அல்ல. அதைக் கட்டளை வரியில் அவரே அடித்தார், லாக் புத்தகத்திலும் எழுதிவிட்டு, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.